சின்னப் பழைய கார் ஏன் எண்பதிலேயே திணறுகிறது? உச்ச வேகத்தைக் கட்டிப்போடுவதைக் கண்டுபிடிக்கும் வழி

948 சி.சி. மொரிஸ் மைனர் 1000 புதிதாக வந்த காலத்தில் மணிக்கு 117 கிலோமீற்றர் அளவில் ஓடிய கார். அதே கார் இன்று திருகோணமலையின் நிலாவெளி வீதியில் 80ஐத் தொடுவதற்குள் மூச்சு வாங்கினால் முதல் பழி எஞ்சினுக்குத்தான். "பிஸ்டன் ரிங் போச்சு, சிலிண்டரைப் போர் பண்ண வேணும்" என்று கராஜில் ஒருவர் சொல்லிவிடுவார். எஞ்சினும் கீழே இறங்கிவிடும். பெரும்பாலும் தேவையில்லாத செலவு. எஞ்சினைத் தொடுவதற்கு முன் ஒரு காலைப்பொழுதில், வீட்டு வாசலிலும் பக்கத்து வீதியிலும் செய்து முடிக்கக்கூடிய சோதனைகள் இவை. கணக்கெல்லாம் மைனரை வைத்துச் சொன்னாலும், அதே ஏ-சீரீஸ் எஞ்சின் உள்ள ஒஸ்டின் ஏ35, ஏ40 ஃபரீனா, மினி ஆகியவற்றுக்கும் முறை இதுதான். எண்கள் கொஞ்சம் மாறும்.

வலு எங்கே போகிறது

948 எஞ்சினின் 37 குதிரைவலு 4,750 சுற்றில் கிடைக்கிறது. கியர்ப்பெட்டியும் டிபரன்சியலும் தங்கள் பங்கை எடுத்தபின் சில்லுக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 32. இதைத் தின்பவர்கள் இரண்டு பேர். ஒன்று ரயர் உருளும் தடை. வேகம் கூடினாலும் இந்த இழுவை பெரிதாக மாறாது. மற்றது காற்று; இதன் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதை வெல்லத் தேவையான வலுவோ வேகத்தின் கனத்தோடு ஏறும். இருவர் ஏறிய மைனரை மட்டமான வீதியில் 90இல் வைத்திருக்கச் சில்லில் 17 குதிரைவலு போதும். 117க்குக் கொண்டுபோக 32 வேண்டும். வேகம் முப்பது சதவீதம் கூட, தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் உண்மையான பயன். தேய்ந்த எஞ்சின் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டது என்று வையுங்கள். உச்ச வேகம் 107 அல்லது 108க்கு இறங்கும், அவ்வளவுதான். மட்ட வீதியில் கார் 80ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறதென்றால், சில்லுக்கு 13 குதிரைவலுகூட வரவில்லை என்று பொருள். ரிங் தேய்ந்து மட்டும் அந்த அளவுக்குப் போன எஞ்சின் காலையில் ஸ்ராட் ஆவதே கஷ்டம், புகையும் மறைக்க முடியாதபடி வரும். புகை இல்லை, ஸ்ராட் நன்றாக வருகிறது, ஆனால் வேகம் மட்டும் இல்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அது பெரும்பாலும் மலிவான கோளாறு.

கச்சானும் வெயிலும்

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அடிக்கும் தென்மேற்குக் கச்சான் காற்றைக் கணக்கில் எடுக்காமல் திருகோணமலையில் எந்தக் காரையும் சோதிக்கக் கூடாது. மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றில் 90இல் ஓட 17 அல்ல, 26 குதிரைவலு தேவை. உச்ச வேகம் 117இலிருந்து 100 அளவுக்கு விழும். கந்தளாய்ப் பக்கம் போகும்போது திணறுகிற கார் திரும்பி வரும்போது பறப்பது இதனால்தான். ஒரே நாளில் இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு விதமாகச் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வடக்கு நோக்கிப் போகும் குச்சவெளி வீதியில் இதே காற்று விலாவில் அடிக்கும். அங்கே வேகம் குறைவதைவிட ஸ்ரியரிங் இழுப்பதுதான் தொல்லை.

வெயிலைப் பற்றிய பேச்சில் பாதி தவறு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் எஞ்சின் வலு குறையும், இது சரி. 15 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் ஏழு சதவீதம் வரை போய்விடும். ஆனால் கார் கிழித்துக்கொண்டு போக வேண்டிய காற்றும் அதே அளவுக்கு இலேசாகிவிடுகிறதே! இரண்டும் கிட்டத்தட்டச் சமனாகி, உச்ச வேகம் அசைவதே இல்லை. வெயில் உண்மையில் கெடுப்பது வேறு இரண்டை: எக்ஸோஸ்ற் பக்கம் ஓடும் பெற்றோல் குழாய் கொதித்து ஆவி அடைப்பதும், பாதி அடைத்த றேடியேற்றர் தோற்றுப்போவதும். கூரையில் சாமான் கறியர் இருந்தால் சோதனைக்கு முன் கழற்றிவிடுங்கள். அதுவும் காற்றுக்குப் போடும் முட்டுக்கட்டைதான்.

70ஐத் தாண்டாமல் சோதிப்பது

கார்களுக்கு நகருக்குள் 50, வெளியே 70 என்பதே சட்ட வேகம். அதற்குள்ளேயே எல்லாவற்றையும் கண்டுபிடிக்கலாம். ஸ்பீடோமீற்றரை மட்டும் நம்ப வேண்டாம், போனில் ஜி.பி.எஸ். வையுங்கள். இல்லையென்றால் இரண்டு கிலோமீற்றர்க் கற்களுக்கு இடையே எடுக்கும் விநாடிகளால் 3,600ஐ வகுங்கள். 51 விநாடி எடுத்தால் 70.

முதலில் எஞ்சின். 948 மைனரின் இரண்டாம் கியர் விகிதம் 2.374, டிபரன்சியல் 4.555. எனவே இரண்டாம் கியரில் மணிக்கு 48 கிலோமீற்றரில் எஞ்சின் 4,750 சுற்றில் நிற்கும். அதாவது உச்ச வலு கிடைக்கும் அதே இடத்தில். சூடேறிய எஞ்சினோடு, இரண்டாம் கியரில் 20இலிருந்து முழு ஆக்சிலேற்றர் அழுத்தி 48 வரை கொண்டுபோங்கள். தும்மாமல், தடுமாறாமல் ஏறினால் பற்றவைப்பும் வல்வுகளும் உயர் சுற்றில் வேலை செய்கின்றன. 40ஐ ஒட்டி விட்டுவிட்டு இழுத்தால் பொயின்ற், கண்டென்சர், பிளக் வயர் பக்கம் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனை சில விநாடிதான் என்பதால் பெற்றோல் பஞ்சத்தைக் காட்டாது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

அடுத்தது உருட்டுச் சோதனை. நிலாவெளியைத் தாண்டிய மட்டமான நேர்த்துண்டு நல்லது. காற்று எழும்பு முன், ஆறு மணியளவில் போங்கள். மாடுகள் வீதியை விட்டு எழும்பாத நேரம் அது என்பதையும் மறக்க வேண்டாம். 70இல் நியூற்றலுக்குத் தள்ளி, 50க்கு இறங்க எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணட்டும். எதிர்த்திசையிலும் செய்து சராசரி எடுங்கள். இருவர் உள்ள மைனருக்கு 15 முதல் 18 விநாடி ஆரோக்கியம். 13 என்றால் ஏதோ பிடித்து இழுக்கிறது. 10 என்றால் எஞ்சினைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், நேரே பிறேக்குக்குப் போங்கள்.

மீன் தராசும் பிறேக்கும்

பிடித்து இழுக்கும் அளவை வாசலிலேயே நிறுக்கலாம். மீன் சந்தையில் கொக்கியில் தூக்கி நிறுக்கிற 50 கிலோ தராசு ஒன்று போதும். சீமெந்துத் தரையில் காரை நியூற்றலில் விட்டு, ஹாண்ட்பிறேக்கை விடுவித்து, முன் சேசிஸில் கயிறு கட்டித் தராசு வழியாக இழுங்கள். அசையத் தொடங்கும் கணத்தில் முள் துள்ளும்; அதை விட்டு, சீராக உருளும்போது காட்டுவதை எடுங்கள். பின்பக்கமாகவும் இழுத்துச் சராசரி எடுத்தால் தரைச் சரிவு கழிந்துவிடும். ஆளில்லாத மைனருக்கு 10 முதல் 14 கிலோ. 20ஐத் தாண்டினால் கோளாறு. வீணாக இழுக்கும் ஒவ்வொரு 10 கிலோவும் 100 கிலோமீற்றர் வேகத்தில் மூன்றரைக் குதிரைவலுவுக்கு மேல் தின்னும். 37இல் அது பத்திலொன்று!

முதலில் ரயர் காற்று. ரேடியல் போட்ட மைனருக்கு 24 முதல் 26 இறாத்தல். பிறகு ஒவ்வொரு சில்லாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கார் பத்துக் கிலோமீற்றர் ஓடி வந்த சூட்டோடு செய்ய வேண்டிய வேலை இது. குளிர்ந்த பிறேக் நல்ல பிள்ளைபோல் நடிக்கும்.

ஒரு சில்லு மட்டும் இறுகியிருந்தால் அந்தப் பக்கத்து வீல் சிலிண்டரில் துரு, அல்லது அளவுக்கு மீறி இறுக்கிய அட்ஜஸ்ரர். முன் டிறம்மில் ஒவ்வொரு ஷூவுக்கும் ஒன்றாக இரண்டு அட்ஜஸ்ரர், பின்னால் ஒன்று. டிறம் துளை வழியாக ஸ்குறூ டிறைவரை விட்டுச் சில்லு பூட்டும்வரை திருப்பி, பின் சுதந்திரமாகச் சுற்றும்வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்துங்கள். பெரும்பாலும் ஒன்றே போதும். பின் சில்லுகள் இரண்டும் இறுகினால் ஹாண்ட்பிறேக் கேபிள். உட்துறைமுக வீதி, டைக் வீதி போன்ற கடலோரத்தில் இரவெல்லாம் நிற்கும் காருக்கு இந்தக் கேபிள் குழாய்க்குள்ளேயே துருப்பிடித்து நிற்பது வழக்கமான நோய்.

நான்கும் சேர்ந்து, ஓட ஓட இறுகினால் அதுதான் சுவையான கோளாறு. இறுகிய நிலையில் ஒரு வீல் சிலிண்டரின் பிளீட் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால் குழாய்க்குள் அழுத்தம் சிறைப்பட்டிருக்கிறது. நிப்பிளை மூடி, பிறேக்கை மிதித்து மறுபடி இறுக்கி, இந்த முறை மாஸ்ரர் சிலிண்டரில் சேரும் குழாய் முடியைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் விடுபடாமல், நிப்பிளில் மட்டும் விடுபட்டால் இடையிலுள்ள இறப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழிக் கதவுபோல் நிற்கிறது. வெளியே புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றுங்கள். மாஸ்ரர் பக்கம் தளர்த்த நான்கும் விடுபட்டால் கோளாறு அங்கேதான்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. மிதியின் தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வெளி இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கிவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வராமல், ஒயில் தாங்கிக்குத் திரும்பும் சிறு துளையை மூடிக்கொண்டே நிற்கும். ஓட ஓட ஒயில் சூடேறி விரியும்; போக இடமில்லை; ஷூவைத் தள்ளும்; இன்னும் சூடேறும். "மிதி நல்லா மேலே நிற்க வேணும்" என்று யாரோ ஆசைப்பட்டு அந்தத் தண்டை நீட்டிவிட்ட கார்களில் இதைப் பார்க்கலாம். தண்டை அளவாக்கினால் செலவு பூச்சியம். வேலை முடிந்ததும் தளர்த்திய இணைப்புகளை இறுக்கிக் காற்றெடுக்க மறக்க வேண்டாம்.

மிதி தரையைத் தொடுகிறது, காபரேற்றர் திறக்கிறதா?

எஞ்சினை நிறுத்தி, எயார் ஃபில்ரரைக் கழற்றி, ஒருவரை உள்ளே இருத்தி ஆக்சிலேற்றரைத் தரைவரை மிதிக்கச் சொல்லுங்கள். எஸ்.யூ. காபரேற்றரின் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டு உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். வட்டத் தகடு காற்றோட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். பாதி சரிந்து நின்றால் கேபிள் நீண்டிருக்கிறது, அல்லது மிதியின் கீழ் யாரோ போட்ட தடித்த காப்பெற் குறுக்கே நிற்கிறது. சிரிக்க வேண்டாம், காப்பெற்றால் வேகம் இழந்த கார்கள் உண்டு.

தூக்கிய பிஸ்டனை விட்டால் "டொக்" என்று தானாக விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு இறங்கினால் கழற்றி, பெற்றோலால் மட்டும் துடைத்துப் பூட்டுங்கள். எமரி தாள் பக்கமே போகக் கூடாது. மேல் மூடிக்குள் ஊற்றுவது 20 எண் மெல்லிய ஒயில். 20டபிள்யூ-50 ஊற்றினால் பிஸ்டன் சோம்பேறியாகும்.

பெற்றோல் பஞ்சத்துக்கு ஒரு தனி அடையாளம்: ஏற்றத்திலோ நீண்ட இழுவையிலோ ஒன்றிரண்டு நிமிடம் நன்றாக ஓடி, பிறகு தும்மி, காலை எடுத்ததும் தெளியும். முழு வலுவில் இந்த எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 13 லீற்றர் குடிக்கும். சோதிக்க, கொயிலின் வயரைக் கழற்றுங்கள். இக்னிஷன் சுவிச்சைப் போட்டாலும் அது சூடேறக் கூடாது. காபரேற்றரில் சேரும் குழாயைக் கழற்றி அரை லீற்றர் போத்தலுக்குள் விட்டு, பம்பை ஓட விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் பம்ப் நலம். திறந்த வெளியில், குளிர்ந்த எஞ்சினில், தீயணைப்புக் குடுவை பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். வரத்து குறைந்தால் முதலில் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைப்பு, பம்பில் குற்றமில்லை. அடுத்தது தாங்கித் துருவால் அடைத்த வடி. பம்பின் பொயின்ற் கடைசி.

பற்றவைப்பில் வேகத்தைத் தின்பது டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் எடைகள். அவை துருவால் ஒட்டிப்போனால் சுற்று ஏறினாலும் தீப்பொறி முன்னேறாது. எஞ்சின் சூடாகும், வலு வராது. டைமிங் லைற்றைப் பிடித்துச் சுற்றை மெல்ல ஏற்றும்போது கப்பியின் குறி சீராக நகர வேண்டும், விட்டதும் திரும்ப வேண்டும். பொயின்ற் வெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வல்வு குளிரில் 0.012.

இலங்கையில் 2002 முதல் ஈயமில்லாப் பெற்றோல்தான். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் எக்ஸோஸ்ற் வல்வு இருக்கைக்குள் மெல்ல அமிழும், அந்த 0.012 தானாகவே குறைந்துகொண்டு வரும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒரே வல்வு இறுகியிருந்தால் அதுதான் கதை. ஹெட்டைக் கழற்ற வேண்டிய நாளில் கடின இருக்கை போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகவே இன்று கழற்ற வேண்டியதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் வலு இல்லையென்றால் மட்டும் கொம்பிறெஷன் கேஜ். நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு சுற்று. 150 இறாத்தலை ஒட்டி, நான்கும் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சின் குற்றவாளி அல்ல. ஒன்று தாழ்ந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வல்வு அல்லது காஸ்கெற்.

டிபரன்சியல் மாற்றும் ஆசை

"4.22 டிபரன்சியல் போட்டால் வேகம் கூடும்" என்பது பாதி உண்மை. உச்ச வலு கிடைக்கும் சுற்றும் காற்று நிறுத்துகிற வேகமும் ஒன்றாகச் சந்திக்கும்படி விகிதம் இருந்தால்தான் கார் அதன் முழு வேகத்தைத் தொடும். 4.555இல் ஆயிரம் சுற்றுக்கு 24 கிலோமீற்றர். 4,750ஐப் பெருக்கினால் 114. தொழிற்சாலை கணக்குத் தெரியாமல் வைக்கவில்லை. 1098 சி.சி. எஞ்சின் 48 குதிரைவலு தருவதால் அதற்கு 4.22 பொருந்தும். 948இல் அதைப் போட்டால் உச்ச வேகம் அசையாது. ஆனால் 70இல் எஞ்சின் 2,900க்குப் பதிலாக 2,700இல் ஓடும், காது தப்பும். ஏற்றத்தில் மட்டும் மூன்றாம் கியருக்கு முன்னதாகவே இறங்க வேண்டும். 803 சி.சி. பழைய மைனரில் அதைப் போட்டால் இருந்த வேகமும் போய்விடும்.

உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று தெரிய, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, நியூற்றலில், பின் சில்லு ஒன்றை மட்டும் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றும்போது புறொப்பெலர் சாப்ட் எத்தனை சுற்றுகிறது என்று சோக்குக் குறி வைத்து எண்ணுங்கள். நாலரையைச் சற்றே தாண்டினால் 4.555, நாலே காலுக்குச் சற்று முன் நின்றால் 4.22.

நிசான் எஞ்சின் ஏற்றிய மைனர்

நிசான், டொயோட்டா எஞ்சின் ஏற்றிய மைனர்களில் மேலே சொன்ன எல்லை எதுவும் இல்லை. வலு இருக்கிறது, 120 எளிதாக வரும். அங்கே எல்லை வைப்பது டிறம் பிறேக்கும் முன் சஸ்பென்ஷனும். 100இலிருந்து நிறுத்தப் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி 70இல் உள்ளதைப்போல் இரட்டிப்பு. 948இன் ஏழு அங்குல டிறம் அதை ஒரு முறை தாங்கும், அடுத்தடுத்து மூன்று முறை தாங்காது. ஹபரணைக் காட்டுத் துண்டில் அந்தி நேரம் யானை குறுக்கே வரும்போது அந்த ஒரு முறையும் போதாமல் போகலாம். முன்னால் டிஸ்க் பிறேக் போடாமல் எஞ்சினை மட்டும் பெரிதாக்கிய காரை நல்ல வேலை என்று சொல்ல முடியாது.

எஞ்சின் எதுவானாலும் பார்க்க வேண்டியது முன் சில்லைத் தாங்கும் கீழ் ட்றனியன். நிமிர்ந்து நிற்கும் தண்டு (கிங்பின்) அதற்குள் மரைபோல் திருகி நிற்கிறது. மரை தேய்ந்தால் ஒரு நாள் தண்டு கழன்று சில்லு மட்காட்டுக்குள் மடங்கும். முன் சில்லை நிலத்திலிருந்து தூக்கி, ரயருக்குக் கீழ் ஒரு கம்பியை விட்டு மேலே நெம்பும்போது ட்றனியனில் விரலை வையுங்கள். தண்டு மேலும் கீழும் அசைவது விரலுக்குத் தெரிந்தால் வேகம் பற்றிய பேச்சை நிறுத்தி அதை மாற்றுங்கள். அசைவில்லையென்றால் 1,600 கிலோமீற்றருக்கு ஒரு முறை, சில்லு தூக்கிய நிலையிலேயே கிறீஸ் அடியுங்கள். சில்லு நிலத்தில் பாரத்தோடு நிற்கும்போது அடிக்கும் கிறீஸ் மரையின் பாரம் தாங்கும் பக்கத்துக்குப் போய்ச் சேராது. பழைய கறுப்புக் கிறீஸ் முழுதும் வெளியேறி, புதியது தெளிவாக வரும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் ஏற்க மறுத்தால் அதைக் கழற்றிப் புதியது போட்டுவிட்டு மறுபடி அடியுங்கள்.